பொய்க்குச் சுருங்கிய வீடு

மெல்பிரிட்ஜ் கிராமத்தில், மதகுக்குப் பக்கத்தில் இருந்த கத்பர்ட் ஃபென்னரின் வீடு, விற்பனைக்கு வந்த ஏப்ரல் மாதத்திலிருந்து, தனக்குள் சொல்லப்பட்ட ஒவ்வொரு பொய்க்கும் கால் அங்குலம் சுருங்கியது. முதலில் யாரும் இதைப் பொருட்படுத்தவில்லை. வருடத்துக்கு இரண்டு முறை ஆற்று வெள்ளம் தோட்டங்களுக்குள் வந்து போகும் பள்ளத்தாக்கு அது. ஈரத்தில் கதவுகள் உப்பும், வெயிலில் உத்தரங்கள் இறுகும், சுவர்கள் தங்கள் இஷ்டத்துக்குச் சாயும். மே மாதம் கத்பர்ட் தன் சொந்த வாசல் நிலையில் முதன்முறையாகத் தலையை இடித்துக்கொண்டபோது, அறுபத்தெட்டு வயதில் தான் மறுபடி வளரத் தொடங்கிவிட்டதாக நினைத்து டாக்டரிடம் போய் உயரத்தை அளந்து பார்த்தார். வளர்ந்திருக்கவில்லை. அரை அங்குலம் குறைந்திருந்தார்.

அந்தக் கோடையில் லண்டனிலிருந்து பத்தொன்பது தம்பதிகள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஒருவர் வீட்டுக்குள் நின்றுகொண்டு அந்த வீட்டைக் குறை சொல்வது அந்த நாட்டில் சட்டையில்லாமல் தேவாலயத்துக்குப் போவதைப் போன்றது. ஆகவே அவர்கள் பழுப்பு நிறக் குளியல் தொட்டியைப் பார்த்து அருமை என்றார்கள். சுவரில் பூத்திருந்த பூஞ்சையைப் பார்த்து என்ன ஒரு குணாம்சம் என்றார்கள். நன்றாக யோசித்துவிட்டுத் தகவல் சொல்வதாக வாக்குக் கொடுத்தார்கள். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் நினைத்ததைச் சொன்னார்கள். கார்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. முப்பத்தாறு வருடம் மதகின் பலகைகளை ஏற்றி இறக்கி ஓய்வுபெற்றிருந்த கத்பர்ட்டும் வந்தவர்கள் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார்: "ஸ்விண்டன்ல மக வீட்டோட போய் இருக்கப் போறேன். ரொம்ப சந்தோஷம்." வீட்டுத் தரகர் பார்னபி கிரால், விளம்பரத்தில் விசாலமான வீடு என்று எழுதியிருந்ததை ஜூனில் கச்சிதமான வீடு என்று மாற்றினார். ஜூலையில் அது அடக்கமான வீடு ஆனது. ஆகஸ்டில் மாடிப்படி சமையலறை அலமாரிக்குள் மறைந்துபோய், மேல்தளம் கூரையோடு ஒட்டிக்கொண்டபோது, பராமரிக்க எளிதான வீடு என்று எழுதினார்.

வீடு சுருங்குவதைச் சரியாகக் கணித்தவள் தபால்காரி ரோஸலிண்ட் டக். கத்பர்ட்டின் கதவிலிருந்த தபால் துவாரம் ஈஸ்டருக்கு அவள் நெஞ்சளவில் இருந்தது, ஜூனில் இடுப்பளவு, ஆகஸ்டில் முழங்காலளவு. மின்சார ரசீதைப் போடுவதற்கு அவள் மண்டியிட வேண்டியிருந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினோரு வருடமாக 'நீர்நாய்' மதுக்கடையின் மாடி அறையில் வாடகைக்கு இருந்தாள். கடைக்காரி மார்ஜரி பிலிங், கூரை ஒழுகுவதால் பழுதுபார்க்க வேண்டும், செப்டம்பர் கடைசிக்குள் காலி செய்தால் உதவியாக இருக்கும் என்று கேக் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்து நீட்டிக்கொண்டே சொல்லியிருந்தாள். பள்ளத்தாக்கில் ஒரு தபால்காரியின் சம்பளத்துக்கு எட்டுகிற வீடு கத்பர்ட்டின் சுருங்கிய வீட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அது கிடைக்காவிட்டால் இருபது மைல் தள்ளி நகரத்து அடுக்குமாடிக்குப் போக வேண்டும். பதினோரு வருடமாக அவள் நடந்த வழி, ஒவ்வொரு நாயின் பெயரும் தெரிந்த அந்த வழி, வேறொருவருக்குப் போய்விடும்.

ஆகஸ்ட் கடைசியில், ஒரு புதன்கிழமை, அவள் வீட்டைப் பார்க்கக் குனிந்து உள்ளே போனாள். பார்னபி கிரால் தவழ்ந்தபடி வழிகாட்டினார். அன்று காலை அவள் நாற்பது கதவுகளுக்கு நடந்திருந்தாள், இடுப்பு வலித்தது, மரியாதைக்குத் தெம்பில்லை.

"எப்டி இருக்கு?" என்றார் பார்னபி.

"நாய் நாத்தம் அடிக்குது. மிஸ்டர் ஃபென்னர், உங்க நாய் செத்து எட்டு வருஷம் ஆச்சு. இந்தக் கம்பளத்தப் பாத்தா எனக்குத் தலை சுத்துது. வாந்தி மேல வாந்தி எடுத்த மாதிரி இருக்கு."

பார்னபி கண்ணை மூடிக்கொண்டார். கத்பர்ட் வாயைத் திறந்தார். அப்போது உத்தரங்கள் சோம்பல் முறிப்பதுபோல் முனக, கூரை மூன்று அங்குலம் உயர்ந்தது. கத்பர்ட் நான்கு மாதங்களில் முதன்முறையாகத் தன் வரவேற்பறையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் கம்பளத்த எம் பொண்டாட்டிதான் எடுத்தா," என்றார். "எனக்கும் அதப் பிடிக்காது." இன்னொரு அங்குலம் உயர்ந்தது.

அங்கேயே கை குலுக்கிக்கொண்டார்கள். வீடு இனி எவ்வளவு வளர்ந்தாலும் பேசிய விலைதான் விலை என்றார் கத்பர்ட். அது உண்மையாக இருந்ததால் ஒரு ஜன்னல் பெரிதானது. ஆனால் கடன் கொடுக்கும் வங்கி ஓர் அளவையாளரை அடுத்த வியாழக்கிழமை அனுப்புவதாகக் கடிதம் போட்டது. மாடியும் படிக்கட்டும் இல்லாத எதையும் கோழிக்கூண்டு என்ற தலைப்பில்தான் பதிய முடியும், கோழிக்கூண்டுக்குக் கடன் இல்லை என்று அதிலேயே இருந்தது. அந்தக் கடிதத்தை ரோஸலிண்டே தன் பையில் சுமந்து வந்து தனக்கே பட்டுவாடா செய்துகொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஊரைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். வந்து மனதில் இருக்கும் உண்மையைச் சொன்னால் போதும் என்று தேவாலயப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தாள் ரோஸலிண்ட். நாற்பது பேர் வந்தார்கள். ஏழேழு பேராகக் குனிந்து உள்ளே போனார்கள். முதல் ஒரு மணி நேரம் படுதோல்வி. உண்மை சொல்லக் கூப்பிடப்பட்ட இடத்தில் தேநீர் பிரமாதம் என்றார்கள், பிஸ்கட் பிரமாதம் என்றார்கள், ரோஸலிண்டின் புதிய தலைமுடி வெட்டு அவளுக்கு மிகவும் பொருத்தம் என்றார்கள். ரோஸலிண்ட் ஜனவரியிலிருந்து முடி வெட்டவில்லை. வீடு ஒரு முழம் இறங்கியது. பாதிரியாரின் தொப்பி கூரைக்கும் தலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது.

கடைசியில் மார்ஜரி பிலிங்தான், முழங்கால்கள் தாங்காமல், தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

"ரோஸி, கூரையெல்லாம் ஒழுகல," என்றாள். "வார லீவுக்கு வர்றவங்க ரெண்டு மடங்கு தர்றாங்க. அதான் உன்னக் காலி பண்ணச் சொன்னேன். அன்னிக்குக் குடுத்த கேக்கும் முந்தின நாள் மிச்சம்."

"தெரியும்," என்றாள் ரோஸலிண்ட். "உங்க மேல எனக்கு அப்டி ஒரு கோவம். தினம் உங்க கடுதாசிய வேணும்னே கடைசியாத்தான் போடுறேன்."

"அதுவும் எனக்குத் தெரியும்டி."

வீடு ஒரு முழம் உயர்ந்தது. பாதிரியார் தன் தொப்பியை விடுவித்துக்கொண்டு, தொடர்ந்து ஆறு வருடம் பரிசு வாங்கிய தன்னுடைய ஆரஞ்சு ஜாம் நகரத்துக் கடையில் வாங்கியது என்று அறிவித்தார். பிறகு யாரையும் நிறுத்த முடியவில்லை. முப்பது வருடமாக வேலிக்கு மேலே தலையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள், உன் சேவல், உன் சாக்ஸபோன், உன் மருமகன் என்று ஆரம்பித்தார்கள். தேவாலயத்தில் மணியடிக்கும் குழு தாளம் தப்பி அடிப்பதாக ஊரே சொன்னது. மணியடிக்கும் குழுவும் ஒத்துக்கொண்டது. ஒவ்வொருவரும் திட்டு வாங்கிக்கொண்டு, முகம் சிவந்து, பத்து வயது குறைந்தவர்கள்போல் வெளியே வந்து, திரும்ப உள்ளே போவதற்காக வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். ஐந்து மணிக்குச் சமையலறையில் மேசை போட இடம் வந்துவிட்டது. ஆறு மணிக்குத் தரைத்தளம் முழுவதும் பழைய அளவுக்கு வந்திருந்தது. ஆனால் மாடி வரவில்லை. அலமாரியைத் திறந்தால் ஒரே ஒரு படி மட்டும் இருந்தது.

எல்லோரும் போன பிறகு ரோஸலிண்ட் கத்பர்ட்டின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். மத்தியானம் முழுக்க அவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்திருந்தாள். அவர் என்ன சொல்லக்கூடும் என்பதும், அதைச் சொல்லிவிட்டால் வீடு தன் கையை விட்டுப் போய்விடும் என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"நீங்க ஒண்ணும் சொல்லலையே, மிஸ்டர் ஃபென்னர்."

"டீ ஆறிப்போச்சு."

அது உண்மைதான். வீடு ஒரு நூல் அளவு உயர்ந்தது.

"ஸ்விண்டன் போறது உங்களுக்கு சந்தோஷமா?"

"ரொம்ப..." என்று தொடங்கினார் கத்பர்ட். கூரை அவர்கள் தலைக்கு மேல் கிறீச்சிட்டது. அவர் அதை அண்ணாந்து பார்த்தார். "இல்லம்மா," என்றார். "எனக்குப் போக இஷ்டமே இல்ல. அங்க ஆறு கிடையாது. எதுத்த வீட்டுச் செவுருதான் தெரியும். மக தங்கமானவ, ஆனா மூச்சுவிடாம பேசுவா. இந்த மதகு சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் வராது. ஆனா ஒங்கையக் குலுக்கிட்டேன், உனக்கும் போக்கிடம் கிடையாது, இத எப்டிச் சொல்றது?"

"எனக்கு இந்த வீடு வேணும்," என்றாள் ரோஸலிண்ட். "விட்டுக் குடுக்க மனசே வரல. ஆனா உங்கள வெளிய அனுப்பிட்டு இதுல இருக்கவும் எனக்குப் பிடிக்கல. ரெண்டும் நெசம்."

முதலில் மாடிப்படி வந்தது, பதிமூன்று படிகளும் வரிசையாக, பியானோவை ஒரு கோடியிலிருந்து தடவியதுபோல் சத்தம் எழுப்பிக்கொண்டு. பிறகு மாடி அறைகள் இரண்டும் வந்தன. வீடு அதோடு நிற்கவில்லை. ஆற்றுப் பக்கச் சுவர் தோட்டத்துக்குள் நடந்து போய், பீன்ஸ் பந்தலைப் பதவிசாகச் சுற்றிக்கொண்டு, அங்கே மூன்று அறைகளாகப் பிரிந்து, தனக்கென்று ஒரு வாசல், ஒரு படிக்கட்டு, ஒரு புகைபோக்கி என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. புதிய புகைபோக்கியில் ஏற்கெனவே புகை வந்துகொண்டிருந்தது. புதிய படுக்கையறையின் ஜன்னலைத் திறந்தால் மதகின் சத்தம் நேராகத் தலையணைக்கு வந்தது. கத்பர்ட் அதில் படுத்துப் பார்க்கிறேன் என்று போனவர் ஞாயிறு மத்தியானம்தான் எழுந்தார்.

வியாழக்கிழமை வந்த அளவையாளர் வீட்டை இரண்டு முறை அளந்தார். வரைபடத்தில் ஒரு வீடுதானே இருக்கிறது என்று கேட்டார். "வளந்துடுச்சு," என்றார் கத்பர்ட். அளவையாளர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பழைய பகுதி ரோஸலிண்டுக்குக் கைமாறியது, புதிய பகுதி கத்பர்ட்டின் பெயரிலேயே நின்றது. செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி அவள் தன் பெட்டிகளைத் தபால் தள்ளுவண்டியில் வைத்து மூன்று நடையாகக் கொண்டுவந்தாள். மூன்றாவது நடையைத் தள்ளியவள் மார்ஜரி. அனுமதியில்லாமல் வீட்டை விரிவாக்கியது குறித்து மாவட்ட அலுவலகத்துக்கு எழுதப்பட்ட விண்ணப்பத்துக்குப் பதினான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஜன்னல் சட்டங்களுக்குத் தெருவில் உள்ள மற்ற வீடுகளைப்போல வெள்ளைச் சாயம் அடித்தால் ஆட்சேபணை இல்லை.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. ஊர்க்காரர்கள் வாரா வாரம் உண்மை பேச வந்துகொண்டிருந்ததால், மூன்றாவது வருடம் வீடு ஆற்றோர நடைபாதையை எட்டிவிட்டது. பொதுமக்கள் நடக்கிற பாதையை மறிக்க அந்த நாட்டில் அரசருக்கே உரிமை கிடையாது. ஊர் மன்றம் ஒரு செவ்வாய்க்கிழமை கூடி விவாதித்து, வீட்டை அது நிற்கிற இடத்திலேயே விட்டுவிடுவது, பாதையையும் அது போகிற வழியிலேயே விட்டுவிடுவது என்று முடிவுசெய்து, பாலத்தடியில் நாய் மலம் என்ற அடுத்த விஷயத்துக்குப் போனது. அன்று முதல் பள்ளத்தாக்கில் நடக்க வருகிறவர்கள் ரோஸலிண்டின் முன்கதவு வழியாக நுழைந்து, மிதியடியில் காலணிச் சேற்றைத் துடைத்து, கூடத்தைக் கடந்து, சூப் கிண்டிக்கொண்டிருக்கும் கத்பர்ட்டுக்கு மத்தியான வணக்கம் சொல்லி, அவருடைய பின்கதவு வழியாக ஆற்றங்கரைக்கு இறங்குகிறார்கள். ஆடுகள் மேய்கிற ஊர் என்பதால் இரண்டு கதவுகளையும் மறக்காமல் சாத்திவிட்டுத்தான் போகிறார்கள்.