கண்ணாடி அறைக்கு ஒரு ஹீட்டர்

நானூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பத்தொன்பது வருடமாகச் சூடாக வைத்திருக்கிற மனிதர், தன் மனைவியின் பத்து விரல்களைச் சூடாக வைக்க வழி தெரியாமல் நின்றார். வரதராசாவுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ஒஸ்லோவில் ட்வெய்ட்டாப் பக்கமுள்ள அந்தப் பள்ளிக்கூடத்தில் அவர்தான் பராமரிப்பாளர். எந்த வகுப்பில் எந்த ரேடியேட்டர் முனகும், எந்த யன்னல் இடுக்கால் காற்று வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் கெட்டித்தனம் சப்பாத்தோடு வாசலிலேயே நின்றுவிடும்.

வெஸ்ட்லியில் அவர்களுடையது வரிசை வீடுகளில் கடைசி வீடு. முன்பு குடியிருந்த நோர்வேக்காரர் பின்பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை கட்டி, பூச்சாடிகளுக்கு நடுவே இருந்து கோப்பி குடித்தாராம். வரதராசாவின் மனைவி உதயகுமாரி அதில் அடுப்பு வைத்தாள். ஒரு மின்சார அடுப்பு, ஒரு மேசை, பொரிக்கிற தாச்சி, தூள் போத்தல்கள். மீன் பொரிப்பது, கறி வைப்பது, தாளிப்பது எல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் இருந்த வடிவான குசினிக்குத் தேத்தண்ணீரும் சோறும் மட்டும்தான் கொடுத்துவைத்திருந்தது. ஒஸ்லோவில் இப்படிச் சமைக்கிற தமிழ் வீடு இது ஒன்றல்ல. சிலர் கராஜில் பொரிப்பார்கள், சிலர் நிலவறையில் பொரிப்பார்கள். எங்கே பொரித்தாலும் சட்டம் ஒன்றுதான். அடுப்பைப் போடுமுன் வீட்டுக்குள் போகிற நடுக்கதவை இறுக்கிச் சாத்த வேண்டும், ஜாக்கெட்டுகள் எல்லாம் அலுமாரிக்குள் போக வேண்டும்.

கோடையில் பரவாயில்லை. குளிர்காலத்தில் அந்த அறை வெளியைவிட நாலு பாகை கூட, அவ்வளவுதான். தொப்பியும் தடித்த ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு, வாயால் ஆவி பறக்கப் பறக்க உதயகுமாரி மீன் பொரிப்பாள். பதினாறு குளிர்காலம் அப்படிப் போயிற்று. வரதராசா உள்ளே மேசையில் இருந்து சுடச்சுடச் சாப்பிட்டார். அவளுக்கு வெளிக்காற்றுத்தான் விருப்பம் என்று ஆட்களுக்குச் சொல்லியும் வைத்திருந்தார். ஆண்களுக்குச் சில நம்பிக்கைகள் எவ்வளவு வசதியாக அமைந்துவிடுகின்றன, பாருங்கள்.

இந்த வருடம்தான் அவளுடைய விரல்கள் வெளுக்கத் தொடங்கின. முதலில் நுனி, பிறகு நடுக்கணு வரைக்கும். தைப்பொங்கல் கழிந்த கிழமை கறிச்சட்டி கையிலிருந்து நழுவி விழுந்தது. சட்டியைப் பிடித்திருக்கிறாளா விட்டுவிட்டாளா என்றே அவளுக்குத் தெரியவில்லையாம். கொதிக்கிற குழம்பு காலுக்கு ஒரு சாண் தள்ளிச் சிந்தியது. டொக்டர் பார்த்துவிட்டு, இனிக் கையைக் குளிரில் விடவே கூடாது, விட்டால் விரல்களில் புண் வரும் என்றார்.

"அப்ப உள்ளுக்கை சமையுமன்," என்றார் வரதராசா, வருகிற வழியில்.

"உள்ளுக்கை பொரிக்க மாட்டன். அந்தக் கதையை விடுங்கோ."

எதற்கும் விட்டுக்கொடுக்கிற மனுசி அவள். இந்த ஒன்றில் மட்டும் அசையவே மாட்டாள். ஆகவே, அவள் மாறப்போவதில்லை, அறைதான் மாறவேண்டும் என்று வரதராசா முடிவு கட்டினார்.

முதலில் ஒரு சின்ன விசிறி ஹீட்டரை இரவல் வாங்கி வந்தார். போட்ட மறு நிமிடம், மேசையில் திறந்திருந்த மிளகாய்த்தூள் எழும்பி இரண்டு பேருடைய கண்ணுக்குள்ளும் போனது. இருவரும் தோட்டத்துக்கு ஓடி, பனியை அள்ளி அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு நின்றார்கள்.

"சூடாக்கித் தாறன் எண்டு சொல்லிப்போட்டு, என்னைக் கொளுத்திப்போட்டியளே," என்று அவள் கண்ணீரும் சிரிப்புமாகச் சொன்னாள். அந்த வயதிலும் அவள் சிரித்தால் அவருக்கு நெஞ்சு இளகிவிடும்.

அடுத்தது எண்ணெய் ரேடியேட்டர். அது நல்ல பிள்ளை, ஆனால் சோம்பேறி. சமைப்பதற்கு இரண்டு மணித்தியாலத்துக்கு முன்பே போட்டுவைக்க வேண்டும். அறை கொஞ்சம் சூடானதும் கறியின் ஆவி குளிர்ந்த கண்ணாடிக் கூரையில் பட்டு, சொட்டுச் சொட்டாகக் கீழே விழத் தொடங்கியது. ஒரு சொட்டு கொதிக்கிற எண்ணெய்க்குள் விழுந்து படாரென்று வெடித்தது. வரதராசா ஓடிப்போய்க் குடையைக் கொண்டுவந்து தாச்சிக்குப் பிடித்தார். அன்றைக்கு மீன் பொரிந்து முடியும்வரை அவர் குடையோடுதான் நின்றார். அவளுடைய விரல்களோ அப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தன.

மூன்றாவதாகத்தான் கிரிதரைக் கூப்பிட்டார். மூன்று வீடு தள்ளி இருக்கிற கோயம்புத்தூர்ப் பையன். கட்டடங்களில் சூடு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று கணக்குப் பார்ப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். சைவக்காரன், ஆதலால் மீன் அறைக்குள் நுழையும்போது மப்ளரை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டான். கையில் இருந்த சின்னக் கருவியைச் சுவருக்கும் கூரைக்கும் நீட்டிப் பார்த்தான்.

"ஹீட் பம்ப் வேண்டாம் அங்கிள். இந்த எண்ணெய்ப் புகைக்கு ஒரே சீசன்ல அடைச்சுக்கும். மேல மாட்டுற பேனல் வெச்சா முதுகு காயும், விரல் அப்படியேதான் இருக்கும். இது எல்லாமே ஒத்தைக் கண்ணாடி. என்ன வாங்கி வெச்சாலும் தெருவுக்குத்தான் சூடு போகும்."

"அப்ப என்ன தம்பி செய்யிறது?"

கிரிதர் நடுக்கதவில் கையை வைத்தான். "இந்த ரூமுக்குப் பக்கத்துலயே பெரிய ஹீட்டர் ஒண்ணு ஓடிட்டிருக்கே. உங்க வீடு. கூரைக்கு உள்பக்கம் ஒரு தடிமனான திரை போட்டுட்டு, சமைக்கிற நேரம் இந்தக் கதவைத் திறந்து வெச்சிடுங்க. அவ்வளவுதான்." பிறகு கதவின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தான். மூன்று வரிசையாக ரப்பர் பட்டி ஒட்டியிருந்தது. "சும்மா சொல்லக்கூடாது, இவ்வளவு பக்காவா சீல் பண்ணினது யாரு?"

"நான்தான்," என்றார் வரதராசா.

"கதவு திறக்கேலாது, தம்பி," என்று உதயகுமாரி சொன்னாள். குரல் மென்மையாகத்தான் இருந்தது. தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் உள்ளே போய்விட்டாள். கிரிதர் இவரைப் பார்த்தான். இவர் தரையைப் பார்த்தார்.

கதவின் கதை அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். மகள் வர்சா அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு நாள், வெளியில் உறைகுளிர், பிள்ளை ஜாக்கெட் இல்லாமல் வெறும் ஸ்வெட்டரோடு பள்ளிக்கூடத்தால் வந்தாள். ஜாக்கெட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, முடிச்சும் போட்டுக் கையில் வைத்திருந்தாள். வகுப்புக்கு வெளியே கொழுவியில் தொங்கிய அவளுடைய ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் தங்களுடையதைக் கொழுவ மாட்டோம், மீன் நாறுகிறது என்று இரண்டு பிள்ளைகள் சொன்னார்களாம். இடைவேளை முழுக்க அவள் ஸ்வெட்டரோடு வெளியே நின்றிருக்கிறாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. உதயகுமாரி அந்தக் குட்டி விரல்களை வாய்க்குள் வைத்துச் சூடாக்கினாள். அழவில்லை. அன்றைக்கே அடுப்பைத் தூக்கிக் கண்ணாடி அறையில் வைத்தாள். அடுத்த நாள் வரதராசா ரப்பர் பட்டி வாங்கி வந்தார். பிள்ளைக்கு இதைச் சொல்லக் கூடாது, தன்னால்தான் அம்மா குளிரில் நிற்கிறாள் என்று அது நினைத்துவிடும் என்று உதயகுமாரி அவரிடம் சத்தியம் வாங்கினாள்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது இருபத்து நாலு வயது. துரொண்ட்ஹெய்மில் படித்து அங்கேயே வேலையாகிவிட்டது. ஆனாலும் அம்மாவின் சட்டம் மாறவில்லை.

கிரிதர் வந்துபோன அடுத்த சனிக்கிழமை வர்சா வந்தாள். புதிதாக வாங்கிய சாம்பல் நிறக் கம்பளிக் கோட் போட்டிருந்தாள். வரதராசா வழக்கம்போல அதை வாங்கி அலுமாரிக்குள் வைக்கக் கையை நீட்டினார்.

"அம்மா எங்கை?"

"பின்னாலை. உனக்குத்தான் மீன் பொரிக்கிறா."

வர்சா நடுக்கதவின் கண்ணாடியால் எட்டிப் பார்த்தாள். உதயகுமாரி தொப்பியோடு நின்றாள். நுனிகள் வெட்டிய கையுறை போட்டு, வெளுத்த விரல்களால் அகப்பையைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு மீனாகப் புரட்டிவிட்டு, கையைக் கமக்கட்டுக்குள் வைத்து ஒரு கணம் நின்றாள்.

"ஹீட்டர் வாங்கிறன் எண்டு சொன்னனீங்கள்? இவ்வளவு காலமும் இந்தக் குளிருக்கை நிண்டு சமைக்க அவவுக்கு என்ன விசரே அப்பா? உள்ளுக்கை இவ்வளவு பெரிய குசினி கிடக்கு."

அவளைப் பைத்தியமாக்கிய அந்த விசர் என்ற சொல் வரதராசாவுக்குப் பொறுக்கவில்லை. பதினாறு வருடமாகக் காத்த சத்தியம் அந்த இடத்திலேயே உடைந்தது. பிளாஸ்டிக் பை, முடிச்சு, விரல்கள், ரப்பர் பட்டி, எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே சொன்னார். சொல்லும்போது அவருக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. அன்றைக்கு அவள் அடுப்பைத் தூக்கியபோது அவர் செய்திருக்க வேண்டியது வேறு. அவர் செய்ததோ, அவளை வெளியே விட்டுக் கதவை அடைத்ததுதான்.

வர்சா மறுபடியும் கண்ணாடியால் அம்மாவைப் பார்த்தாள்.

"அந்தப் பை ஞாபகம் இருக்கு," என்றாள் பிறகு. "அடுத்த மாதமே அந்த ரெண்டு பேரும் என்ரை சிநேகிதியள் ஆயிட்டினம் அப்பா. நான் மறந்தே போனன். அம்மா மறக்கேல்லை."

அவர் இன்னும் கையை நீட்டிக்கொண்டுதான் நின்றார். அவள் கோட்டைக் கழற்றவில்லை. கோட்டோடு நடந்துபோய், நடுக்கதவை அகலத் திறந்தாள்.

"கதவைச் சாத்து! கோட்டோடை வாறாய், விசரி, எல்லாம் மணக்கும்!" உதயகுமாரி அகப்பையை உயர்த்திக்கொண்டு கத்தினாள்.

வர்சா அகப்பையை வாங்கி மேசையில் வைத்தாள். அம்மாவின் கையுறைகளைக் கழற்றினாள். மிளகாய்த்தூளும் மஞ்சளும் எண்ணெயும் பட்டிருந்த அந்த இரண்டு கைகளையும் தன் கோட்டுக்குள் இழுத்து, இரண்டு பக்கத்தாலும் மூடி, இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"அப்பா சொல்லிப்போட்டார்."

உதயகுமாரி கணவனைப் பார்த்த பார்வையில் அவருக்கு அன்றைய சாப்பாடு நிச்சயமில்லை என்று தெரிந்தது. பிறகு அந்தப் பார்வை கலங்கிவிட்டது.

"புதுக் கோட்டு, பிள்ளை. கறை போகாது."

"போகட்டும் அம்மா. இல்லை, போகாமல் கிடக்கட்டும்."

"திங்கட்கிழமை இதோடைதானே வேலைக்குப் போவாய்?"

"ஓம். இதோடைதான் போவன்."

அதற்குமேல் உதயகுமாரியால் முடியவில்லை. பதினாறு வருடத்துக்கு முன் அழாமல் விட்டதையெல்லாம் சேர்த்து, மகளுடைய தோளில் முகத்தை வைத்து அழுதாள். வீட்டின் சூடு கதவால் வந்து அவர்களுடைய கால்களைத் தொட்டது. மீன் வாசம் எதிர்ப்பக்கமாக வீட்டுக்குள் போய், சோபாவிலும் திரையிலும் திறந்து கிடந்த அலுமாரிக்குள் தொங்கிய வரதராசாவின் ஜாக்கெட்டிலும் ஏறியது. தாச்சியில் மீன் கருகிக்கொண்டிருந்தது. அவர் போய் அடுப்பை நிறுத்தினார்.

பிறகு ஒரு கத்தியை எடுத்துவந்து, கதவுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து ரப்பர் பட்டியை உரிக்கத் தொடங்கினார். அது லேசில் வரவில்லை. நகம் உடைய உடைய, துண்டு துண்டாகத்தான் வந்தது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தார்.

"இஞ்சை பாருங்கோ," என்று உதயகுமாரி கூப்பிட்டாள். மகளுடைய கோட்டுக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து அவருக்கு நேரே நீட்டினாள்.

ஐந்து விரலும் சிவந்திருந்தன.