அந்தப் புயலில் டீச்சர் யார் வீட்டில் இருந்தார்?

1

இந்தக் கதை ஒரு சண்டையில் ஆரம்பித்தது. அதை மறைத்து, ஏதோ உள்ளுணர்வில் எழுதினேன் என்று புளுக எனக்கு இஷ்டமில்லை. எங்கள் ஊரான மெரிட்டனின் மாதர் கழகக் கூட்டத்தில் என் மாமியார் டொரத்தியா கிராட்ஸும் திருமதி ஹாகனும் வழக்கம்போலப் பிடித்துக்கொண்டார்கள்.

"பெரிய பனிப்புயல் அப்போ டீச்சர் எங்க வீட்லதான் இருந்தா. இறகு மெத்தையை அவளுக்குக் குடுத்துட்டு நான் தரையில படுத்தேன்" என்றார் மாமியார்.

"உங்க வீட்ல மெத்தையா! அந்த வருஷம் நீங்களே வைக்கோல் மேலதான உருண்டீங்க? டீச்சர் எங்க வீட்ல இருந்தா. ஆட்டுக்கறி சூப்பு வச்சுக் குடுத்தேன்."

இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த டீச்சர், அதாவது கழகத்தைத் தொடங்கி இன்றுவரை நடத்திவரும் மிஸ் ஆர்வில்லா பெக், இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார்.

கழகத்தின் ஆண்டு விழாவில் அவருடைய வாழ்க்கையை எழுதி, அச்சிட்டுக் கொடுத்து, மேடையில் படிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "கோரா, நீதான் உன் புருஷன் பத்திரிகைக்கு அச்சுக் கோக்கறவளாச்சே. உனக்கென்ன கஷ்டம்?" பால் கறக்கிறவளிடம் கன்று போடச் சொன்ன மாதிரி.

2

முதல் தொடக்கம்: "டகோட்டாப் புல்வெளியில் அறிவொளி ஏற்றிய வீரமங்கை..." சீச்சீ. டீச்சரே சிரித்துவிடுவார்.

இரண்டாவது: "அவர் ரயிலிலிருந்து இறங்கியபோது காற்று" — காற்று என்ன செய்தது என்று எனக்கெப்படித் தெரியும்? நான் அப்போது ஒஹாயோவில் பாவாடையில் மண்ணோடு திரிந்த சிறுமி.

மூன்றாவது, இதுவே இருக்கட்டும்: அந்த நாளில் மிஸ் பெக்குக்கு இங்கே வீடு கிடையாது. எந்த டீச்சருக்கும் கிடையாது. பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் வாரத்துக்கொரு வீடாக முறை வைத்துச் சோறும் படுக்கையும் கொடுக்கும். திங்கட்கிழமை வீடு மாறும் நாள். ஒரு வீட்டில் மூன்று குழந்தைகளோடு ஒரே கட்டில், அடுத்த வீட்டில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் படுக்கை.*

* கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். யாரோ ஒருவர் கேட்டதாகவும், இவர் பள்ளிக்கூடத்தையே... வேண்டாம். "அதை எழுதாதே" என்றார். எழுதவில்லை.

3

இப்போது அவர் இரும்புக்கடை மாடியில் வாடகை அறையில் இருக்கிறார். போய்க் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்க டீச்சர். புயல்ல யார் வீட்ல இருந்தீங்க?"

"பள்ளிக்கூடத்துல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னிக்குத் திங்கட்கிழமை. காலையில ஹாகன் வீட்லேர்ந்து கிளம்பி வந்தேன், சாயங்காலம் கிராட்ஸ் வீட்டுக்குப் போகணும். மத்தியானமே வானம் கறுத்துப்போச்சு. அப்பாமாரெல்லாம் சறுக்கு வண்டியோட ஓடி வந்து பிள்ளைங்கள அள்ளிப் போட்டுக்கிட்டாங்க. ஹாகனுக்கு, இனிமே டீச்சர் கிராட்ஸ் வீட்டு முறைன்னு நெனப்பு. கிராட்ஸுக்கு, என் பெட்டி இன்னும் ஹாகன் வீட்லதான இருக்குன்னு நெனப்பு."

"நீங்க கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேம்மா. அந்தக் காத்துல யார் காதுல விழும்? யாராவது திரும்பி வருவாங்கன்னு நெனச்சேன்."

யாரும் வரவில்லை. காய்ந்த புல்லை முறுக்கி முறுக்கி அடுப்பில் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். உள்ளங்கை கிழிந்துவிட்டது.

"தூங்கினா செத்தேன்னு தெரியும். அதனால வருகைப் பேரு கூப்பிட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் நானே 'உள்ளேன் டீச்சர்' சொன்னேன். உன் புருஷனுக்கு மூக்கடைச்ச குரல்ல. அவனுக்கு எப்பப் பாரு ஜலதோஷம்." இதற்கு அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

"அப்புறமாவது ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே. புயல் விட்டதும் பிள்ளைங்க வந்தாங்க. டீச்சர் நமக்கு முன்னாடியே வந்துட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டாங்க. கையுறை போட்டுக்கிட்டுப் பாடம் எடுத்தேன். வருஷம் போகப் போக இவங்க மெத்தையைச் சேத்தாங்க, அவங்க சூப்பைச் சேத்தாங்க. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு கோரா."

4

(இந்த இடத்தில், 'பெயர் கூப்பிட்டால் பதில் வரும் ஓர் அறை வேண்டுமென்றே அவர் பிற்பாடு மாதர் கழகத்தைத் தொடங்கினார்' என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அழகாக இருக்கிறது, ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. ஊருக்குப் புத்தகசாலையும் நல்ல கிணறும் வேண்டியிருந்தது என்றார். இரண்டும் வந்தன.)

5

முடிவு ஒன்று: உள்ளதை உள்ளபடி மேடையில் படிக்கிறேன். என் மாமியார் முகம் எப்படிப் போகும் என்பதை எழுதிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

டீச்சரும் கூடாதென்றார். "அந்த ரெண்டு கிழவிங்களும் அப்புறம் நிம்மதியா இருக்கமாட்டாங்க."

"பின்ன என்னத்த எழுதறது?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஏதோ ஒரு வீட்ல இருந்தேன்னு எழுது. எந்த வீடுன்னு நீயே பாத்துப் போடு."

நான் படியிறங்கப் போகும்போது மறுபடி கூப்பிட்டார். "பிள்ளைங்க இருக்கற வீடாப் போடும்மா."

முடிவு இரண்டு: ஹாகன் வீடு. கதவு திறக்கிறது, சூப்பு கொதிக்கிறது. 'டீச்சர் உட்கார்ந்தார்' என்று எழுதுகிறேன். உட்காரமாட்டேன் என்கிறார். விட்டுவிட்டுப் போன வீட்டில் எப்படி உட்காருவார்?

முடிவு மூன்று: கிராட்ஸ் வீடு, மாமியாரின் மெத்தை. அதே கதைதான். போதாததற்கு என் மாமியார் பேச ஆரம்பித்துவிட்டார், டீச்சர் எங்கே தூங்குவது.

நான் நேற்று முளைத்தவள், யாரையும் விட்டுவிட்டுப் போகாதவள். நானும் என் புருஷனும் தனியாக இருக்கும் வீட்டிலேயே அவரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பிள்ளைகள் இருக்கும் வீடு கேட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

6

நாளைக்கு விழா. அச்சுக் கோத்து முடித்துவிட்டேன், ஓரிடம் தவிர:

'தகப்பன்மார் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்போது ஒரு வண்டி மட்டும் திரும்பி வந்தது. "டீச்சர், தனியா என்ன பண்றீங்க? ஏறுங்க, நம்ம வீட்டுக்குத்தான்" என்றது ஒரு குரல். அது .................... குடும்பத்து வண்டி.'

புள்ளியிட்ட இடத்தில் போட எனக்குப் பெயர் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால், கூட ஒருவர் படுக்க இடமிருந்தால், உங்கள் பெயரை எழுதுங்கள். அடுத்தவர் எழுதியிருப்பார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.