மெஷின்மேன் தூங்குகிறார்

கைப்பிடியை முழுக்கத் திருகிப் பிடித்துக்கொண்டு கதவை நிலையோடு பொருத்தினாள். அப்புறம்தான் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். 'டக்' என்றுகூட ஒரு சத்தம் வரவில்லை. இந்த வித்தையில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. நேற்று சாயங்காலம் அவ்வளவு கேட்ட பிறகும் கை பழக்கத்தை விடவில்லை.

லாட்ஜ் அறைக்குள்ளே கணவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

பத்திரிகை அச்சகத்தில் மெஷின்மேன் அவர். கல்யாணமான நாள் முதல் ஓய்வு பெற்ற நாள்வரை ராத்திரி வேலைதான். ஊர் தூங்கும்போது ஊருக்கான செய்தியை அச்சடித்துவிட்டு, ஊர் எழுந்திருக்கும்போது வந்து படுப்பார். அதனால் அந்த வீட்டில் பகல்தான் ராத்திரி. விசில் அடிக்கும் என்று அவள் குக்கரே வாங்கவில்லை. தையல் மெஷினைப் பக்கத்து வீட்டில் போட்டுத் தைத்தாள். மகன் அழுததுகூடக் குசுகுசுவென்றுதான். இன்றைக்கும் அவன் போனில் பேசினால், எதிர்முனையில் இருப்பவர்கள் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவார்கள். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதெல்லாம் அவர் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும் நேரத்தில்தான். "கேஸ் தீந்துடுச்சு." "சொல்லிடறேன்." அத்தோடு சரி.

ஓய்வு பெற்றும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இருட்டினால் மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். அதனால்தான் அவள் இந்த இரண்டு நாள் பயணத்துக்கு அடம்பிடித்தாள். "எங்கயாவது போய் உக்காந்து பேசணுங்க. ஊர் சுத்திப் பாக்கக்கூட வேணாம்." சீசன் இல்லாத கடற்கரை ஊர். மூன்று மாடி லாட்ஜில் இவர்கள் இரண்டு பேர்தான். மேனேஜர் என்று ஒருவர் இருந்தார். சாவி கொடுப்பதும் அவர்தான், சமைப்பதும் அவர்தான், லிஃப்ட் ஓடாததற்கு வருத்தம் தெரிவிப்பதும் அவர்தான்.

நேற்று அறைக்கு வந்து ஜன்னலைத் திறந்ததும், அலை உள்ளேயே வந்து விழுகிற மாதிரி இருந்தது. அவள் அவசரமாகச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும் விடு. எங்க மெஷின் ஓடற மாதிரியே இருக்கு."

"தூக்கம் கெட்டுடாதா?"

அவர் கொஞ்ச நேரம் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் மை இருந்தது.

"ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. எனக்குச் சத்தம் இல்லேன்னாதான் தூக்கம் வராது. ராத்திரி பூரா அந்த மெஷின்கிட்ட நின்னுட்டு வந்து படுத்தா, வீடு கப்சிப்னு கெடக்கும். காதுக்குள்ள ஙொய்யின்னு கேக்கும். பாதி நாள் சும்மா கண்ணை மூடிட்டுதான் படுத்திருப்பேன்."

"இத்தனை வருஷமாவா?"

"பாத்திரத்தைக்கூடத் துணி விரிச்சுதான் வைப்பே நீ. அதைப் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே சிரிப்பும் வந்தது. "அடப்பாவி மனுஷா! ஒரு குக்கர் வாங்க விட்டீங்களா என்னை?" அவரும் சிரித்தார். அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. இன்னும் எத்தனை விஷயத்தை இந்த மனுஷன் இப்படி வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறாரோ என்று இருந்தது.

"எல்லாம் நாளைக்குப் பேசலாம். இன்னைக்கு நல்லாத் தூக்கம் வரும்போல இருக்கு."

வராத தூக்கம் வந்திருக்கிறது, எழுப்பினால் பாவம் என்றுதான் காலையில் தனியாகக் கிளம்பினாள்.

கடற்கரையில் ஈ காக்கை இல்லை. ஐஸ்கிரீம் வண்டியைத் தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். சவாரிக் குதிரை ஒன்று மட்டும், முதுகில் ஆளில்லாமல், சேணத்தோடு நடந்துகொண்டிருந்தது. குதிரைக்காரர் படகு மறைவில் தூங்கிக்கொண்டிருந்தார். அது பாட்டுக்குப் பாறைவரை போனது, திரும்பியது, வந்தது, மறுபடியும் போனது. இருட்டினால் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறவர் ஞாபகம் வந்து அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டாள்.

"சார் சாப்பிட வரலையாம்மா?" என்றார், லாட்ஜுக்குத் திரும்பியவளிடம் மேனேஜர்.

"நல்லாத் தூங்கறார். கதவைத் தட்டிடாதீங்க. நானே கொண்டுபோறேன்."

ரொட்டியையும் அவித்த முட்டையையும் தட்டு போட்டு மூடி எடுத்துவந்து மேஜையில் வைத்தாள், கீழே கைக்குட்டை விரித்து. நாற்காலியைத் தூக்கி வைத்து உட்கார்ந்தாள். அலை இரைந்துகொண்டே இருந்தது. வெயில் தரையில் பாதி அறைக்கு ஏறியது. முட்டை ஆறிப்போனது. ஒரு மனுஷன் இத்தனை வருஷப் பாக்கித் தூக்கத்தையும் ஒரே நாளில் தீர்க்கப் பார்க்கிறாரே என்று அப்போதும் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவருடைய ஒரு கால் போர்வைக்கு வெளியே இருந்தது. மூடிவிடலாம் என்று தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

மேனேஜர் அழைத்துவந்த டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "தூக்கத்துலயே உயிர் போயிருக்கும்மா. கஷ்டப்பட்டிருக்க மாட்டார்."

"நான் எழுப்பியிருந்தா?"

"விடியறதுக்கு முன்னாடியே போயிட்டாரும்மா. நீங்க எழுந்திரிக்கும்போதே இல்ல."

அவள் தலையாட்டினாள். எழுப்பாமல் விட்டதால் ஒன்றும் கெடவில்லை. ஆனால் நுனிக்காலில் நடந்ததும், குழாயை நூல் மாதிரி திறந்து பல் தேய்த்ததும், கதவை அப்படிச் சாத்தியதும் யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

மகனுக்குப் போன் போட்டாள். "கெளம்பிட்டேம்மா. வந்து சேர சாயங்காலம் ஆயிடும்" என்றான். பிறகு அழுதான் என்று நினைக்கிறாள். அப்போதும் சத்தம் வரவில்லை. அப்பா எழுந்துவிடுவார் என்று பயந்து பயந்து வளர்ந்த பிள்ளை.

மேனேஜர் நுனிக்காலில் உள்ளே வந்தார். ஒரு வெள்ளை விரிப்பை மேலே போர்த்தினார். ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். "தனியா இருக்கீங்களேம்மா. நான் கூட இருக்கட்டுமா?" என்று கிசுகிசுத்தார்.

"வேணாங்க. நீங்க போங்க."

அவரும் கதவைச் சத்தமில்லாமல்தான் சாத்திக்கொண்டு போனார்.

அறை கப்சிப்பென்று ஆனது. கொஞ்ச நேரத்தில் அவள் காதுக்குள் ஙொய்யென்று கேட்கத் தொடங்கியது. இதுதானா அது? இதைக் கேட்டுக்கொண்டா இத்தனை பகலும் கிடந்தார்?

எழுந்துபோய்க் கொக்கியைத் தட்டி ஜன்னலைத் திறந்தாள். கதவுகள் சுவரில் மோதி அதிர்ந்தன. அலை உள்ளே வந்தது. நாற்காலியைத் தூக்காமல், இரும்புக் கால்கள் தரையில் கிறீச்சிடக் கட்டில்வரை இழுத்துவந்து போட்டு உட்கார்ந்தாள். கடல் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஏங்க, காலைல பீச்சுல ஒரு குதிரை பாத்தேன்" என்றாள் சத்தமாக. "ஏறறதுக்கு ஆளே இல்ல. அது பாட்டுக்குப் போவுது, அது பாட்டுக்குத் திரும்பி வருது."