மீன் பலகைக்கு மேலை ஒட்டின எழுத்து

எனக்குக் கோவம் வந்தால் தமிழ், இங்கிலீஷ், சிங்களம் மூண்டும் ஒண்டாய்த்தான் வரும். போன கிழமையும் அப்பிடித்தான் வந்தது.

ஸ்ட்ரெதம் எண்ட ஊரிலை, சுஷி செய்து கடையளுக்கு அனுப்புற கிச்சின் ஒண்டிலை நான் மீன் வெட்டுறவன். குளிர் அறைக் கதவை ஆரோ சாத்தாமல் விட்டு, ஒரு நாள் மீன் முழுக்கப் பழுதாப்போச்சு. சூப்பர்வைசர் நேரை வந்து, என்னோடை வேலைசெய்யிற லான் அக்காவின்ரை பிழை எண்டு கையைக் காட்டினான். கடைசியாய் உள்ளுக்கை போய், போனிலை கதைச்சுக்கொண்டு வெளியிலை வந்தவன் அவன்தான். நான் என்ரை கண்ணாலை கண்டனான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தன், வந்தது முழுக்கத் தூஷணம். நான் என்ன சொன்னன் எண்டு ஒருத்தருக்கும் விளங்கேல்லை. கத்தினது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

கத்தினதுக்கு விசாரணை எனக்கு. இந்தக் கொம்பனி ஸ்பொன்சர் பண்ணின விசாவிலைதான் நானும் மனிசியும் பிள்ளையளும் இஞ்சை நிக்கிறம். வேலை போனால் எல்லாம் போச்சு. மனிசி கலாவதி விடிஞ்சால் பொழுதுபட்டால் ஒரே பாட்டு: "சொறி எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. வேறை ஒண்டும் கதைக்காதேங்கோ." நித்திரையும் இல்லை, சாப்பாடும் இறங்கேல்லை. ஒரு இடத்திலை இருக்க ஏலாமல் வீட்டுக்குள்ளை அங்கையும் இஞ்சையும் நடந்து திரிஞ்சன்.

விசாரணைக்கு முதல்நாள் லான் அக்கா ஒரு சிவப்புக் கடதாசியைக் கொண்டுவந்து என்ரை பலகைக்கு மேலை ஒட்டினா. அவ வியட்நாம்காரி, என்னைவிட மூத்தவ. கடதாசியிலை கறுப்பு மையிலை ஒற்றை எழுத்து: 忍.

"ஞன்," எண்டு வாசிச்சுக் காட்டினா. "பொறுமை. எங்கடை ஆக்கள் புதுவருசத்துக்கு எழுதுவிச்சு வீட்டிலை கொழுவுவினம். என்ரை சுவரிலையிருந்து கழட்டிக்கொண்டு வந்தனான். உனக்குத்தான் இப்ப கூடுதலாய்த் தேவை."

சோறு அவிக்கிற ஹொங்கொங்காரன் வொங் எட்டிப் பார்த்தான். "மேலை இருக்கிறது கத்தியின்ரை கூர். கீழை இருக்கிறது நெஞ்சு," எண்டான்.

"நெஞ்சுக்கு மேலை கத்தியை வைச்சால் பொறுமையோ? விசர்க்கதை," எண்டன் நான்.

"கத்தி, எழுத்தை வாசிக்கிற சத்தத்தைக் காட்ட வைச்சது. ரெண்டு எழுத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம். கருத்து நெஞ்சிலைதான் இருக்கு. ஆனால் ஆக்களுக்குக் கத்திதான் ஞாபகம் நிக்குது."

ஜப்பான்கார செஃப் கையைத் துடைச்சுக்கொண்டு வந்து, தங்கடை பாஷையிலை இதுக்கு ஒளிஞ்சிருக்கிறது எண்டும் ஒரு கருத்து இருக்கு எண்டார். பெட்டி கட்டுற கொரியப் பெட்டை மின்ஜி விடேல்லை. "நாங்கள் 'இன்' எண்டுவம். பொறுமைதான். ஆனால் 'கொடூரம்' எண்ட சொல்லுக்குள்ளையும் இதே எழுத்துத்தான் இருக்கு." மற்ற மூண்டு பேரும் ஓம், தங்கடை பாஷையிலையும் அப்பிடித்தான் எண்டு தலையாட்டிச்சினம்.

எனக்குத் தலை சுத்திச்சுது. "பொறுக்கிறதும் ஈவிரக்கமில்லாமல் இருக்கிறதும் எப்பிடியப்பா ஒண்டாகும்?"

"ரெண்டுக்கும் நெஞ்சை இறுக்க வேணுமே," எண்டுபோட்டு வொங் சோத்தைக் கிளறப் போனான். எனக்கு அந்தக் கதை பிடிக்கேல்லை.

அடுத்தநாள் விசாரணைக்கு, கூட வேலைசெய்யிற ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு சொல்லிச்சினம். லான் அக்கா தானே வந்தா. கதிரையிலை இருந்த உடனை மேசைக்குக் கீழை என்ரை காலுக்கு மேலை தன்ரை காலை வைச்சா. நான் வாயைத் திறந்தால் மிதிக்கிறதுக்கு.

மனேஜர் லப்டொப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "குளிர் அறை விசயம் முடிஞ்சுது, அது லானின்ரை பிழை. நீர் கத்தினது மட்டும்தான் இப்ப மிச்சம்."

மிதிச்சா. நான் பல்லைக் கடிச்சுக்கொண்டு, "சொறி," எண்டன்.

"நல்லது. இது கடைசி எச்சரிக்கை. வேலையிலை இரும்." அப்பாடா எண்டு எனக்கு மூச்சு வந்தது. உடனை கலாவதிக்குப் போன் அடிச்சுச் சொல்லவேணும் எண்டு நினைச்சன். மனேஜர் லப்டொப்பைச் சாத்தினார். "லான், நீங்களும் இஞ்சை இருக்கிறபடியாலை சொல்லுறன். திங்கள் தொடக்கம் நீங்கள் வரத் தேவையில்லை."

லான் அக்கா அழேல்லை. வாதாடேல்லை. தலையை மட்டும் ஆட்டினா. ஆனால் கீழை அந்தக் கால் முந்தியைவிட இறுக்கி அமத்திச்சுது. தன்ரை வேலை போற நேரத்திலையும் என்ரை வாயைத்தான் காவல் காக்கிறா. எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

கோவம் வழக்கம்போல வந்தது. இந்தமுறையும் கத்தினால் திரும்பவும் ஒருத்தருக்கும் விளங்காது. காலை இழுத்தெடுத்தன். குரலை உயர்த்தேல்லை.

"கதவைத் திறந்து விட்டது சூப்பர்வைசர். நான் கண்டனான்."

மனேஜர் என்னைப் பார்த்தார். "யோசிச்சுக் கதையும். உம்மடை விசயம் இப்பதான் முடிஞ்சுது. விசா இருக்கு, பிள்ளையள் இருக்கினம்."

லான் அக்கா என்ரை கையைப் பிடிச்சா. என்னட்டைப் பழகின ஒரே ஒரு தமிழ் வசனம்தான் அவவுக்குத் தெரியும். "சும்மா இரு," எண்டா.

"லப்டொப்பைத் திறவுங்கோ," எண்டன் மனேஜருக்கு. "நான் சொல்லச் சொல்ல எழுதுங்கோ."