தம்பி சொன்ன பதில்

காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்று தம்பி மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டதும், தையல்காரியான அவன் அக்கா மிஷினை அப்படியே போட்டுவிட்டு அவனை மனநல மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு ஓடினாள். பெற்றவர்கள் போனபின் அவனுக்கு அம்மாவும் அப்பாவும் அந்த அக்காதான்.

அட்மிஷன் போட்ட நர்ஸ் தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, போதைப் பழக்கம் ஏதாவது உண்டா என்றாள். அக்கா முந்திக்கொண்டாள்.

"வாயில வெரல வச்சாக்கூட கடிக்கத் தெரியாத புள்ளைங்க. அதெல்லாம் கிடையாது."

போன தடவை வேறோர் ஆஸ்பத்திரியில் இதையேதான் சொன்னாள். அவர்களும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். இந்த நர்ஸோ எழுதாமல் பேனாவை மூடிவிட்டு, அக்காவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொன்னாள்.

பெஞ்சில் அவளுக்கு முள்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வெகுநேரம் கழித்து நர்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தனியாகக் கேட்டதும் தம்பியே சொன்னானாம்: கஞ்சா கொஞ்சம் உண்டாம். அதைவிட, மாதக்கணக்கில் தூக்க மாத்திரையை அட்டை அட்டையாக விழுங்கியிருக்கிறானாம். அக்காவின் தலையில் இடி விழுந்தது.

"எழுதிடாதீங்கம்மா. நாளைக்கு இவனுக்கு யாரு வேல குடுப்பா, யாரு பொண்ணு குடுப்பா?"

"இது வைத்தியம் பாக்கறவங்களுக்கு மட்டும்தாங்க, செவுத்துல ஒட்டுற நோட்டீஸ் இல்ல. இந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும். எழுதி வைக்கலன்னா டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

போன தடவை வார்டில் சேர்த்த சில நாளிலேயே தம்பி கை கால் வெட்டி இழுத்து விழுந்தது அக்காவுக்கு நினைவு வந்தது. பலவீனம் என்றல்லவா எல்லோரும் நினைத்தார்கள்! தன் வாயாலேயே அதை வரவழைத்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். எழுதுங்கள் என்றாள்.

டாக்டர் அதைப் படித்துவிட்டு, மாத்திரையைச் சிறுகச் சிறுகக் குறைத்தார். இந்த முறை வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. காதுக்குள் கேட்ட பேச்சும் மெல்ல அடங்கியது. வீடு திரும்பிய தம்பி, அக்காவின் கடையில் பட்டன் தைக்க உட்கார்ந்தான். கோணல்மாணலாகத் தைத்தாலும் அவள் பிரித்துத் தைக்கச் சொல்லவில்லை.

மறுபரிசோதனைக்கு வந்த அன்று அக்கா அந்த நர்ஸைத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றிக்கொண்டாள். அழுதுகொண்டே நன்றி சொன்னாள். நர்ஸுக்குக் கூச்சமாகப் போயிற்று.

"நான் கேட்டேன், அவ்வளவுதான். பயத்த விட்டுச் சொன்னது உங்க தம்பி. அவன்கிட்ட சொல்லுங்க."

தம்பியைத் திட்டித்தான் அவளுக்குப் பழக்கம். பஸ் நிறுத்தத்தில் வந்து நின்று, பஸ் வரும் திசையைப் பார்த்தபடியே மென்று முழுங்கிச் சொன்னாள்.

"நல்லவேள, நீ வாயத் தொறந்தடா."

"நல்லவேள, அவங்க உன்ன வெளிய அனுப்புனாங்கக்கா" என்றான் அவன்.

அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் இருவரும் பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள்.