கும்மியில் எதிரே நின்றவள்

1

இந்தக் கதையை நான் உருவாக்கவில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது இந்துப்ரியா சொன்னது. பாதியில் நிறுத்திவிட்டு, "இத எழுதிராதீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதினா அவளுக்குப் பேர் வைக்காதீங்க" என்றாள். அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேலூருக்குக் கிழக்கே, கைவிடப்பட்ட கல்குவாரியின் பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண்

அங்கேயே நிறுத்திவிட்டேன். அவள் தண்ணீரிலிருந்து வந்ததாக யாரும் சொல்லவில்லை. பேய்க்கதை எழுதும் ஆசை எனக்கு, அவ்வளவுதான்.

அடுத்த தொடக்கம்: "கிராமியக் கலைகளை வளர்க்க மூன்று ஊராட்சிகள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தன." பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். இருக்கட்டும்.

2

மூன்றில் ஒன்று பந்தலும் மைக்செட்டும் தருவதாகச் சொல்லி ஒதுங்கிக்கொண்டது. மிஞ்சியவை கல்லுமடையும் ஆவாரங்குளமும். (இரண்டுமே நான் வைத்த பெயர்கள். தேடாதீர்கள்.) கல்லுமடைக்காரர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். ஆவாரங்குளத்துக்காரர்கள் ஒரு காலத்தில் அந்த நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். இன்று அவர்களுக்கும் வயல் உண்டு, டிராக்டர் உண்டு, அரசு வேலை உண்டு. ஆனாலும் இரண்டு ஊரும் ஒன்றாய் நின்று எதையும் ஆடியதில்லை.

அவர்களைச் சேர்த்து ஒரு கும்மி. அதற்கு ஒருங்கிணைப்பாளராக வந்தவள் இந்துப்ரியா. விளாங்குடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள் என்பதால் இரண்டு ஊருக்கும் அவள் வெளியாள். அதனாலேயே இரண்டு ஊருக்கும் சம்மதம்.

3

ஒத்திகை இரண்டு ஊருக்கும் பொதுவான எல்லையில், குவாரியை ஒட்டிய சமுதாயக் கூடத்தில். சாயங்காலங்களில்.

அந்தக் கும்மியில் ஓர் அடிக்குத் தன் கையைத் தட்ட வேண்டும், மறு அடிக்குப் பக்கத்தில் நிற்பவள் கையை. கல்லுமடைப் பெண்கள் வட்டத்தின் ஒரு பாதியாக நின்றார்கள். ஆவாரங்குளத்துப் பெண்கள் மறு பாதி. யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை, தானாகவே அப்படி அமைந்தது. வட்டமென்றால் இரண்டு பாதிகளும் இரண்டு இடத்தில் சந்தித்தாக வேண்டும். ஓர் இடத்தில் இந்துப்ரியா நின்றுகொண்டாள். அவளுக்கு இடப்பக்கம் கல்லுமடை, வலப்பக்கம் ஆவாரங்குளம்.

நேர் எதிரே, இன்னொரு சேர்மானத்தில், ஒரு பெண் நின்றாள்.

நடுத்தர வயது, கத்திரிப்பூ நிறச் சேலை. அதற்குமேல் இந்துப்ரியாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. வட்டம் சுழலும். இந்துப்ரியா நகர்ந்தால் அவளும் நகர்வாள். எப்போதும் நேர் எதிரே. கிட்டத்தில் பார்க்க வாய்ப்பே வரவில்லை. ஆனால் அவள் வந்த நாளிலிருந்து தாளம் பிசகவில்லை. அவள் யாரென்று ஒருவரும் கேட்கவுமில்லை.*

* கூட்டுக் குழுவில் ஒரு வசதி இருக்கிறது. தெரியாதவர் எல்லோரும் அடுத்த ஊர்க்காரர்.

4

மேடையேற்றம் நெருங்கியபோது ஊராட்சித் தலைவர்கள் சேலை வாங்கி வந்தார்கள். கல்லுமடைக்கு அழகுமலை, ஆவாரங்குளத்துக்குச் சோணையம்மாள். அவரவர் ஊர்ப் பெண்களுக்கு அவரவர் கொடுத்தார்கள். கொடுத்து முடிந்தபின், சுவரோரம் அந்தக் கத்திரிப்பூச் சேலைக்காரி மட்டும் வெறுங்கையோடு நின்றாள்.

"என்ன தாயி, ஒங்க ஊருப் பொம்பளைய விட்டுட்டீகளே?" என்றார் அழகுமலை.

சோணையம்மாள் சிரித்தார். "எங்க ஊரா? ஒங்க ஊருன்னுல்ல நாங்க பேசாம இருந்தோம்!"

சிரிப்பு நின்றது. இந்துப்ரியா முதல்முறையாக அவளை நோக்கி நடந்தாள். அவள் அவசரப்படாமல் வெளியே இறங்கி, கூடத்தின் மூலையைச் சுற்றிப் போனாள். இந்துப்ரியாவும் மூலையைத் திரும்பினாள்.

(இந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை குறைகிறது. நேரில் கேட்டபோது குறையவில்லை.)

அந்தப் பக்கம் அவளைக் காணோம். கதவில்லாத சுவர். சுவரை ஒட்டிக் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் சாயங்கால வெயிலில் அசையாமல் கிடந்தது குவாரித் தண்ணீர்.

5

கூடத்துக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவள் கையைத் தினமும் தட்டியவர்கள் இரண்டே பேர். கல்லுமடைத் தமிழ்வாணி, மேலூரில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். ஆவாரங்குளத்து முத்துத்தாய், பாட்டை எடுத்துக் கொடுப்பவர்.

"அவ கை எப்பவும் ஈரமா இருக்கும் மேடம்" என்றாள் தமிழ்வாணி. "தண்ணிக்குடம் தூக்கிட்டு வந்த கை மாதிரி."

முத்துத்தாய் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "ஈரமா? காஞ்சு, காப்புக் காய்ச்சுப் போன கைல்ல அது. கல்லு ஒடச்ச கை."

இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை என்பதை இந்துப்ரியா கவனித்தாள். தமிழ்வாணி தன் உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், திரும்பத் திரும்ப.

"இம்புட்டு நாளா யார வச்சு ஆடிக்கிட்டு இருந்தோம்?" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

அழகுமலை தொண்டையைச் செருமினார். "இனி வட்டம் வேணாம். ஊருக்கொரு வரிசையா நின்னு ஆடுங்க. இல்லன்னா தனித்தனியா மேடையேறுங்க."

"தனியா ஆடுறதுக்கு எதுக்குண்ணே கூட்டுக் குழு?" என்றார் முத்துத்தாய். "தனியாத்தான் எங்க காலம் பூரா ஆடிருக்கோமே."

 அந்தப் பெண் அதற்குப்பின் ஒத்திகைக்கு வரவில்லை.

6

பொங்கல் கழிந்து மேலூர் மைதானத்தில் மேடை. அழகுமலை சொன்னதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஏறியதும் பெண்கள் பழக்கத்தில் வட்டமாகவே நின்றுவிட்டார்கள். இந்துப்ரியா தன் இடத்தில். எதிரே, தமிழ்வாணிக்கும் முத்துத்தாய்க்கும் நடுவில், ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி.

இந்துப்ரியா அந்த இடைவெளியைப் பார்த்தாள். இம்புட்டு நாளும் எதிரே தெரிந்த முகத்தை ஏன் தன்னால் சொல்ல முடியவில்லை என்று அப்போது அவளுக்குப் புரிந்தது. அங்கே நின்றவளுக்கும் இங்கே நிற்கும் தனக்கும் ஒரே வேலை. இரண்டு கைகள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்வது. அவளை யாரும் யாரென்று கேட்கவில்லை. தன்னையும்தான் யார் கேட்டார்கள்? 

தவில் அடி விழுந்தது. இந்துப்ரியா வட்டத்திலிருந்து பின்வாங்கினாள்.

"மேடம், எங்க போறீங்க?" தமிழ்வாணி எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினாள்.

"நீங்க ஆடுங்க."

இப்போது வட்டத்தில் இரண்டு இடைவெளிகள். இந்துப்ரியா மேடையோரம் வந்து கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். ஜனங்கள் எல்லாம் கீழேதான் இருந்தார்கள். இவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முத்துத்தாய் பாட்டை எடுத்தார். அவரவர் தன் கையைத் தட்டும் அடி கேட்டது. பிறகு பக்கத்துக் கை தட்டும் அடி

7

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு."

"ரெண்டு எடத்துலயுமா?"

"வட்டம் பூராவும் கேட்டுச்சு. அறுந்த மாதிரி இல்ல."

"அப்ப, கை சேந்துருச்சுன்னுதானே அர்த்தம்?"

இந்துப்ரியா பூப்பையை எடுத்துக்கொண்டாள். "ஒத்திகையிலயுந்தான் அறுந்த மாதிரி இல்ல."

இதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில் தமிழ்வாணியும் முத்துத்தாயும் ஓரெட்டு எடுத்து வைத்து உள்ளங்கை சேர்த்தார்கள், மைதானம் ஆர்ப்பரித்தது. படித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. இரண்டாவதில் இருவரும் வெறும் காற்றில் தட்ட, காற்று திருப்பித் தட்டியது. அதை எழுதிய பிறகு விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

தமிழ்வாணியிடமே கேட்டிருக்கலாம். மேலூர் ஜவுளிக்கடைக்குப் போனேன். யாருக்கோ சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். எந்தப் பதில் வந்தாலும் பயம்.

ஆகவே இதை உங்களிடம் தருகிறேன். தவில் அடித்துக்கொண்டிருக்கிறது, இரண்டு பெண்கள் கையைத் தூக்கியிருக்கிறார்கள். சேர்ப்பதும் விடுவதும் உங்கள் பாடு. ஒன்றே ஒன்று: அந்த இடைவெளியில் இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிடாதீர்கள். கூப்பிட்டால் வந்துவிடுவாள்.