சந்தனம் வைத்த சுத்தியல்

வெள்ளி முளைக்கும் நேரத்திலேயே நேசையனின் வாயில் இருபது ஆணிகள். குளச்சல் கருவாட்டுப் பெட்டிப் பட்டறையில் எல்லாருக்கும் அதுதான் வழக்கம்: ஒரு கை பலகைக்கு, ஒரு கை சுத்தியலுக்கு, ஆணிக்கு வாய். நாக்கு ஒவ்வொன்றாகத் திருப்பி உதட்டுக்குத் தள்ளும். விரல் பிடுங்கும். இரண்டே அடி. இரும்பின் துவர்ப்பும் மாம்பலகைத் தூசும்தான் காலைப் பலகாரம்.

முந்தாநாள் அவனுடைய பழைய சுத்தியலின் தலை கழன்று பறந்து, பக்கத்திலிருந்த குமாரதாஸின் புருவத்தைக் கிழித்துவிட்டது. மாற்றுச் சுத்தியலைத் தானே பார்த்து எடுப்பதாக முதலாளி கோலப்பன் அறிவித்தார். பிறந்தது முதல் ஓர் ஆணிகூட அடித்தறியாதவர்.

பதினொரு பேர் வாயிலும் ஆணி நிறைந்த பிறகே அவர் பேச வருவார். அப்படியொரு அடக்கமான சபை வேறெங்கே கிடைக்கும்? இன்றும் வந்தார். தாம்பாளத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்த புதுச் சுத்தியல்.

"கோட்டாத்துக் கடையில அரை நாள் நின்னு எடுத்தேன். இருக்கதுலயே கனமானது. நாட்டுக்கே சொதந்திரம் வந்தாச்சு, பழைய சுத்தியலுக்க காலம் போச்சு!"

கருங்கல் உடைக்கிற சுத்தியல் அது. நேசையன் ஓங்கினான். முதல் அடியில் பலகை இரண்டாகப் பிளந்தது. அடுத்த அடி பெருவிரலில் விழுந்தது. நகத்தடியில் ரத்தம் கறுத்தது.

"கை சரியில்லலே ஒனக்கு," என்றார் முதலாளி. "பொளந்த பலகைய கூலியில பிடிச்சிருவேன். நாளையில இருந்து எல்லாருக்கும் இதே சுத்தியல்தான், கேட்டியளா?"

ஆறு வருடமாக நேசையனின் பதில்கள் ஆணிகளோடு வாய்க்குள்ளேயே கிடந்தன. அவன் துப்பி முடிப்பதற்குள் முதலாளி காரில் ஏறிவிடுவார். இன்று தகர டப்பாவில் சடசடவெனத் துப்பினான்.

"மொதலாளி, இதால நீங்க ஒரு ஆணி அடிச்சுக் காட்டுங்க."

"நானா? நான் மொதலாளியா, ஆசாரியாலே?"

பலகை அடுக்கிக்கொண்டிருந்த தேவகனி நிமிர்ந்தாள். "செருப்பு வாங்கப் போகும்போ கால வீட்டுல வச்சிட்டா போவிய? அடிக்குதவன கூட்டிட்டுப் போய்ல்லா சுத்தியல் எடுக்கணும்!"

பட்டறை மூக்கால் சிரித்தது. வாயால் சிரித்தால் ஆணி தொண்டைக்குள் போய்விடும்.

முதலாளியின் முகம் குங்குமத்தோடு போட்டியிட்டது. "நேசையா, ஒனக்கு இன்னையோட வேலை இல்ல. மத்தவன் அடிங்கலே!"

ஒரு சுத்தியலும் எழவில்லை. புருவத்தில் துணி கட்டியிருந்த குமாரதாஸ் டப்பாவை இழுத்துத் துப்பினான். "அவனுக்க சுத்தியல அவனே பாத்து எடுக்கட்டு. அவன திரும்ப வேலைக்கு எடுக்காம ஒரு பெட்டிக்கும் அடி விழாது."

அடுத்தவன் துப்பினான். அதற்கடுத்தவன். டப்பாக்கள் ஒவ்வொன்றாகக் கலகலத்தன.

"ஆணிய வாயில போடுங்கலே!" என்று முதலாளி கத்தினார். வெளியே பெட்டி ஏற்ற வந்த லாரி ஹாரன் அடித்தது. தாம்பாளத்தில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. அந்தப் பதினொரு பேரின் வெறும் வாயை அவர் இதற்குமுன் பார்த்ததே இல்லை.

நேசையனுக்கு அடிபட்ட விரல் விண்ணென்று தெறித்தது. நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாது. நாக்கைச் சுழற்றிப் பார்த்தான். வாய்க்குள் பேசுவதற்கு எவ்வளவோ இடம் இருந்தது.